பாளையங்கோட்டையில் மலைக் காலணிக்கு அடி மாற்றுதல்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலையேற்றக் காலணியின் அடிப்பாகம் கழன்றால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும் என்பதுதான் கடைக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் யோசனை. எனக்கும் அதையே சொன்னார்கள். அதைக் கேட்காமல் பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் காலணி தைக்கும் கடையில் என் பழைய ஜோடியைக் கொடுத்து, புது அடி போட்டு வாங்கி, ஓராண்டு மலைகளில் நடந்து பார்த்துவிட்டேன். அந்தக் கடையின் வேலையைப் பற்றியது இந்த மதிப்புரை. கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு இரும்புக் கால், ஒரு தையல் எந்திரம், கூரையிலிருந்து தொங்கும் பைகள், அவ்வளவுதான்.

காலணியை 2017இல் வாங்கினேன். மறு ஆண்டு மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் உயிரிழந்த பிறகு எங்கள் குழு மலைப்பக்கம் போவதையே நிறுத்திவிட்டது. அதன் பின் கொரோனா வந்தது. காலணி பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பில் ஆண்டுகள் போயின. ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை திருக்குறுங்குடி நம்பி மலைக்கு அதைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். சோதனைச் சாவடியைத் தாண்டிச் சிறிது தூரம்கூடப் போகவில்லை, வலது காலணியின் அடி வாயைப் பிளந்தது. கோயிலை எட்டுவதற்குள் இடதும் தன் பங்குக்குப் பிளந்துகொண்டது. பக்கத்தில் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் நின்று பார்த்து, "செருப்பப் போடாம வந்திருக்கலாம்லா, நம்பி காப்பாத்துவாம்லா" என்றார். பிளந்த இரண்டையும் பையில் கட்டிக்கொண்டு நானும் வெறுங்காலோடுதான் இறங்கினேன்.

நடக்காமல் வைத்திருந்த காலணி எப்படிக் கெட்டது என்று அப்போது குழம்பினேன். காரணம் வேதியியலில் இருக்கிறது. பெரும்பாலான மலைக் காலணிகளில் ரப்பர் அடிக்கும் மேல்பாகத்துக்கும் இடையே மெத்தைபோல இருக்கும் பகுதி பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் இருக்கும் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். வெளியே பார்த்தால் புதியதாகவே தெரியும் அந்த மெத்தை, சில ஆண்டுகளில் உள்ளுக்குள் ரொட்டித்தூள்போல உதிர்ந்திருக்கும். பூட்டிய பெட்டி, புழுக்கமான அறை, நீண்ட ஓய்வு ஆகிய மூன்றும் சேர்ந்தால் இது விரைவாக நடக்கும். பத்திரப்படுத்தியதே அதற்கு எமனாகிவிட்டது.

கடைக்காரர் காலணியைக் கையில் வாங்கியதும் விலையைச் சொல்லவில்லை. பிளவுக்குள் விரலை விட்டு அந்தத் தூளை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, இதப் போட்டுட்டு எந்த மலைக்குப் போவிய? ஏத்தத்துல வழுக்குதா, எறக்கத்துல வழுக்குதா?" என்று கேட்டார். புதுக் காலணி வாங்கிய இடத்தில் என் கால் அளவைத் தவிர யாரும் எதையும் கேட்டதில்லை. இறக்கத்தில்தான் தொல்லை, விரல் நுனி முன்பக்கம் போய் இடிக்கும் என்றேன். அப்படியானால் குதிகாலுக்கு முன்னால் படிபோல ஒரு வெட்டு வேண்டும், அந்த விளிம்புதான் இறங்கும்போது மண்ணைக் கவ்விப் பிடிக்கும் என்று விளக்கிவிட்டு, ஆம்பூரிலிருந்து வரவழைத்ததாகச் சொன்ன நான்கு விதமான ரப்பர் அடிகளை எடுத்துப் போட்டார். அவற்றுள் ஆழமான கட்டைகள், அதாவது மண்ணைப் பிடிக்க அடியில் எழும்பி நிற்கும் ரப்பர்த் துண்டுகள், கொண்ட ஒன்றை நான் தேர்ந்தெடுத்தேன்.

அந்தக் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. முன்பு ஐரோப்பிய மலையேறிகள் ஆணியடித்த தோல் காலணிகளோடும், செங்குத்துப் பாறை வந்தால் மெல்லிய துணிக் காலணிகளோடும் ஏறினார்கள். 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானி என்ற வழிகாட்டியின் நண்பர்கள் ஆறு பேர் மோசமான வானிலையில் சிக்கி இறந்தார்கள். குளிருக்கும் பனிக்கும் ஏற்ற காலணி இல்லாததும் அதற்கு ஒரு காரணம். அவர் டயர் நிறுவனமான பிரெல்லியின் உதவியோடு, கட்டைகள் எழும்பிய ரப்பர் அடியை 1937இல் கொண்டுவந்தார். அந்த அடிகளைச் செய்யும் வைப்ரம் நிறுவனத்தின் பெயரே அவர் பெயரின் சுருக்கம். 1954இல் கே2 சிகரத்தை முதன்முதலில் எட்டிய இத்தாலியர்களின் காலில் இருந்ததும் அந்த அடிதான். இன்று பாளையங்கோட்டைச் சந்தில் அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும் அடிகளிலும் அந்த வடிவத்தின் சாயல் தெரிகிறது.

வேலை நான்கு நாள் பிடித்தது. கூலி பொருளோடு சேர்த்துத் தொள்ளாயிரம் ரூபாய். உதிர்ந்த மெத்தையை முழுவதும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் ஈ.வி.ஏ. என்ற மெத்தென்ற நுரை ஷீட்டை இரண்டு அடுக்காக வைத்து, இரு பரப்புகளையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, சூடு காட்டி ஒட்டியிருக்கிறார். ஒட்டியதோடு விடாமல், மெழுகு பூசிய நூலால் ஓரம் சுற்றிலும் கையால் தைத்தும் இருக்கிறார். அந்தத் தையல்தான் இந்த வேலையின் உயிர். பசை மட்டும் பிடித்திருக்கும் அடி ஆற்றைக் கடக்கும்போதும் வெயிலில் காயும்போதும் விளிம்பில்தான் முதலில் விடும். தையல் விளிம்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் மறுபடியும் நம்பி மலைக்கே போனேன். சேற்றிலும் உருண்ட கல்லிலும் பிடிப்பு நன்றாக இருந்தது. குதிகால் வெட்டு இறக்கத்தில் அவர் சொன்னபடியே வேலை செய்தது, விரல் இடிக்கவில்லை. பாசி படர்ந்த ஈரப் பாறையில் மட்டும் நம்ப முடியவில்லை. இந்த ரப்பர் சற்றுக் கடினமானது. நாள்பட உழைக்கும், ஆனால் வழவழப்பான ஈரக் கல்லில் மென்ரப்பர்போல ஒட்டாது. அதோடு தையல் போட்ட ஊசித் துளைகள் வழியே நீர் கசிகிறது. நீர் புகாத காலணி என்று வாங்கிய பொருள் இனி அப்படி இல்லை. நம் பக்கத்து மழையில் எந்தக் காலணிக்குள்ளும் கணுக்கால் வழியே நீர் புகத்தான் செய்யும் என்பதால் எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. பனிமலைக்குப் போகிறவர்களுக்கு இது ஆகாது.

உண்மையான சோதனை தை மாதம் அகத்தியர் மலையில் நடந்தது. 1,868 மீட்டர் உயரமுள்ள நம் பொதிகைச் சிகரத்துக்கு, பாபநாசத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிற நாம், திருவனந்தபுரம் சுற்றிப் போய், கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போணக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டியிருக்கிறது. அந்த வருத்தம் தனிக் கதை. அதிருமலை முகாமில் இரவு தங்கி மறுநாள் ஏறும்போது, உச்சிக்குச் சற்றுக் கீழே, கயிறு பிடித்து ஏற வேண்டிய சரிவுப் பாறைகள் வருகின்றன. உலர்ந்த பாறையில் அடி முழுவதும் படியும்படி வைத்து ஏறியபோது ஓரிடத்திலும் வழுக்கவில்லை. ஆனால் எடை தெரிந்தது. ஒரு காலணி முன்பு 520 கிராம், இப்போது 610. காலில் ஏறும் எடை முதுகில் ஏறும் எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பார்கள். இரண்டாம் நாள் மாலை முழங்கால் அதை ஒப்புக்கொண்டது.

இந்தக் கடையின் மேல் எனக்கு நம்பிக்கை வந்ததற்கு ஒரு மறுப்பும் காரணம். முதுகுப் பையின் பட்டையையும் ஜிப்பையும் சரிசெய்து தந்தவரிடம், பாறையேற்றத்துக்கு நண்பர் வைத்திருந்த இடுப்பு வாரையும் நீட்டினேன். அதன் தையல் ஓரிடத்தில் பிசிறடித்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆள் தொங்குத சாமானுக்கு நான் ஊசி போடமாட்டேன் அண்ணாச்சி" என்று கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதுவே சரி. அத்தகைய வாரின் தையல்கள் குறிப்பிட்ட சுமையைத் தாங்குமாறு ஆலையில் சோதித்துப் போடப்படுபவை. பிசிறடித்தால் வாரை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இருபது ரூபாய்க்கு அதைத் தைத்துக் கொடுக்க ஊரில் ஆள் கிடைக்காமலும் இருக்காது.

கொடுக்க நினைப்பவர்கள் ஆடி அமாவாசையை ஒட்டிக் கொடுக்க வேண்டாம். அந்த வாரம் கடை இருக்காது. அவர் குடும்பத்தோடு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருப்பார். அங்கே பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவது வழக்கம். பட்டவராயன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருவதாகவும், மறு ஆண்டு பார்த்தால் அதன் அடி தேய்ந்திருக்கும் என்றும் நம்பிக்கை. என் இடது காலணியின் முன்முனையில் இப்போது ஒரு விரற்கடை அளவு ஒட்டு விட்டிருக்கிறது. காட்டினேன்; கூலி வேண்டாம், கோயிலுக்குப் போய் வந்த பிறகு கொண்டு வாருங்கள் என்றார்.