பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பந்து வீசப்படுகிறது

நண்பர் ஒருவர் போன வாரம் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "கேபிளை எடுத்துட்டு ஓடிடியிலேயே மேட்ச் பாக்கலாமா? நீங்கதான் ரெண்டு வருஷமா பாக்குறீங்களே!" ஒரு சொல்லில் பதில் அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தவன், மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். முதலில் 'தாராளமாக' என்று வந்தது. அடுத்து 'வேண்டவே வேண்டாம்' என்று வந்தது. மூன்றாவதாக வந்தது இங்கே எழுதத் தகாதது. ஆகவே சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கேபிள் இணைப்பை நிறுத்திவிட்டு, இணையம் வழியாகப் படம் காட்டும் ஓடிடி செயலிகளுக்கு மாறினேன். தொடர்களும் செய்திகளும் பார்க்கிறவர்கள் ஏற்கெனவே கைப்பேசிக்குப் போய்விட்டிருந்தார்கள். செட்டாப் பாக்ஸுக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தது நானும் அப்பாவும் விளையாட்டு பார்ப்பதற்காக மட்டுமே. படத்தின் துல்லியம், இணைய வேகம் போன்றவற்றை இந்நேரம் எல்லோரும் அறிந்திருப்பார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நொடிக்கு 5 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 2.25 ஜிபி ஆகிறது. ஓர் இருபது ஓவர் ஆட்டம் முடிவதற்குள் ஏறக்குறைய 8 ஜிபி கரைந்துவிடும் என்பதை மட்டும், அளவு கட்டப்பட்ட இணைப்பு வைத்திருப்பவர்கள் மனத்தில் கொள்ளட்டும். என்னுடைய குறை இவை எதிலும் இல்லை. அது நேரத்தைப் பற்றியது.

2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுனில் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்தியா எடுத்திருந்தது 176. தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 16 ஓட்டங்கள் தேவை. ஆடுமுனையில் டேவிட் மில்லர். எங்கள் திரையில் ஹர்திக் பாண்டியா இன்னும் ஓடிவரத் தொடங்கவே இல்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், கேபிள் வைத்திருக்கும் வீட்டில், முதலில் ஒரு நீளமான "ஐயோ" கேட்டது. பிறகு ஓரிரு நொடி நிசப்தம். பிறகு கூரை எழும்பும்படி ஓர் ஆரவாரம். அப்பா நாற்காலியின் நுனியிலிருந்து மெல்லப் பின்னால் சாய்ந்தார். "தூக்கி அடிச்சிருக்கான். எல்லைக்கிட்ட புடிச்சிட்டாங்கப்பா" என்றார்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஹர்திக் ஓடிவந்தார், பந்து தரையில் படாமல் ஃபுல்டாஸாகப் போனது, மில்லர் அதை நேராகத் தூக்கினார், எல்லைக் கோட்டின் விளிம்பில் சூர்யகுமார் யாதவ் பிடித்து, மேலே எறிந்து, கோட்டைத் தாண்டி, திரும்ப உள்ளே வந்து மறுபடி பிடித்தார். இந்தத் தலைமுறை பார்த்த மிகச் சிறந்த கேட்சுகளில் ஒன்றை, விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடும் பையனைப் போல நாங்கள் பார்த்தோம். ஆட்டத்தை இந்தியா 7 ஓட்டங்களில் வென்றது. மீதமிருந்த ஐந்து பந்துகளையும் சுவர் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தது. மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஆனால் எல்லோரும் உண்டு முடித்த பந்தியில் உட்கார்ந்த மகிழ்ச்சி அது.

மறு வாரமே அளந்து பார்த்தேன். கேபிள் வைத்திருக்கும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, பந்து வீச்சாளரின் கையிலிருந்து பந்து விடுபடும்போதெல்லாம் "போட்டாச்சு" என்று சொல்லச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கும் என் திரையில் பந்து விடுபடுவதற்கும் இடையே நொடிமுள்ளை ஓடவிட்டேன். தொலைக்காட்சிச் செயலியில் 38 நொடி. அதே கணக்கில், அதே ஆட்டத்தை, கைப்பேசியில் பார்த்தால் 29 நொடி. ஒரே வீட்டுக்குள் இரண்டு நிகழ்காலங்கள். இருபது ஓவர் சர்வதேச ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸை 85 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 120 பந்துகளால் வகுத்தால் ஒரு பந்துக்குச் சராசரி 42 நொடி கிடைக்கும். அதாவது என் தொலைக்காட்சி கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒரு பந்து பின்தங்கியிருக்கிறது. திட்டமிட்டுக் கெடுத்தாலும் இவ்வளவு பொருத்தமாகக் கெடுக்க முடியாது. ஐந்து நொடி என்றால் மறந்துவிடலாம், ஐந்து நிமிடம் என்றால் அது வேறோர் ஒளிபரப்பு என்று எண்ணி ஆறுதல் கொள்ளலாம். ஒரு பந்து என்பதுதான் ஆறாத புண்.

இது ஏன் இப்படி என்று தேடிப் படித்ததில் கோபம் கொஞ்சம் தணிந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கேபிளிலும் தாமதம் இல்லாமல் இல்லை. கேபிள்காரருக்குப் படத்தை அனுப்பும் புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே போய்க் கீழே வரவே கால் நொடி ஆகிறது, படத்தைச் சுருக்கி விரிப்பதற்குச் சில நொடிகள் சேர்கின்றன. ஆனால் அங்கே எல்லோருக்கும் ஒரே அலை. ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் அதே ஒன்றுதான். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பரிமாற வேண்டியிருக்கிறது. அதற்காகப் படத்தைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிச் சாதாரணக் கோப்புகளைப் போல அனுப்புகிறார்கள். 2009இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்த எச்எல்எஸ் என்ற முறை இதில் பெரும்பங்கு வகிக்கிறது. தொடக்கத்தில் ஒரு துண்டு 10 நொடி நீளம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள், பின்னர் அதை 6 நொடியாக்கினார்கள். நம் வீட்டுச் செயலியோ வழக்கமாக மூன்று துண்டுகளையாவது கையிருப்பில் வைத்துக்கொண்டுதான் ஓடத் தொடங்கும். அங்கேயே 18 நொடி போயிற்று. ஒரே படத்தைப் பல தரங்களில் தயாரிப்பதற்கும், ஊரூராக வைத்திருக்கும் சேமிப்புக் கணினிகளுக்கு அனுப்புவதற்கும் ஆகும் நேரம் அதன் மேல் ஏறுகிறது.

காணொளி அழைப்பில் உறவினர் சொல்வது உடனுக்குடன் கேட்கிறதே, ஆட்டம் மட்டும் ஏன் வருவதில்லை என்று நானும் கேட்டேன். அழைப்பில் ஒரு சொல் தொலைந்தால் தொலைந்ததுதான், செயலி அதற்காகக் காத்திருப்பதில்லை. ஆட்டத்தில் படம் உடைந்தால் ஒருவரும் மன்னிக்க மாட்டோம், ஆகவே அது எல்லாத் துண்டுகளும் வந்து சேரும் வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. படம் உடனே வர வேண்டும் என்பதும் உடையாமல் வர வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிரான விருப்பங்கள். தாமதத்தைக் குறைக்கும் எச்எல்எஸ் வடிவம் 2019இலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. என் திரைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அதுவும் கையிருப்பில் காத்திருக்கிறது போலும்.

இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டேன். நடுவில் படம் நின்று வட்டம் சுற்றினால், மீண்டும் ஓடும்போது அது விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறது. நான்கு முறை சுற்றினால் அந்த நான்கு நிறுத்தங்களும் தாமதத்தில் கூடிவிடுகின்றன. ஆட்டத்தின் தொடக்கத்தில் 38 நொடி இருந்தது, ஒருநாள் இரவு முடிவில் 70ஐத் தாண்டியிருந்தது. 'நேரலை' என்ற சிவப்புப் பொத்தானை அழுத்தினாலோ, செயலியை மூடித் திறந்தாலோ பழைய இடத்துக்கு வரும். இடைவேளையின்போது ஒருமுறை இதைச் செய்துவிடுவது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். வைஃபையை விட்டுவிட்டு ரூட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேராகக் கம்பி இழுத்தது நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று, அதற்குமுன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்த படம், மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போதெல்லாம் திக்கியது. அவை இரண்டும் அதே அலைவரிசையில் இயங்குபவை என்று அதன் பிறகே தெரிந்துகொண்டேன்.

அப்பாவுக்கு வேறொரு வருத்தம். தொலைக்காட்சியின் ஒலியை அடக்கிவிட்டு வானொலி வர்ணனையைக் கேட்டபடி படம் பார்ப்பது அவருடைய பல ஆண்டுப் பழக்கம். இப்போது வானொலியில் மட்டையாளர் பெவிலியனுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்போது திரையில் அவர் காப்புக் கோட்டில் மட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வானொலி அலமாரிக்குப் போய்விட்டது. ஓட்ட எண்ணிக்கை சொல்லும் செயலிகளின் அறிவிப்புகளையும் ஆட்ட நேரத்தில் அணைத்து வைக்கிறோம். குடும்பக் குழுவில் யாராவது "ஆஹா!" என்று மட்டும் எழுதினாலே போதும், அடுத்த பந்து வீணாகிவிடும்.

இவ்வளவு திட்டிய பிறகு, இதே ஓடிடியால் கிடைத்த ஒன்றைச் சொல்லாவிட்டால் அநியாயம். அதே 2024இன் இறுதியில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சதுரங்கச் சாம்பியன்ஷிப்பின் 14 ஆட்டங்களையும் நான் பார்த்தேன். கேபிள் காலத்தில் ஒரு சதுரங்க ஆட்டத்தை முதல் நகர்விலிருந்து கடைசி நகர்வு வரை எந்தச் சேனலிலும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. முதல் 40 நகர்வுகளுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடம் கொடுக்கப்படும் விளையாட்டில் 38 நொடியை யார் பொருட்படுத்துவார்கள்? டிசம்பர் 12 அன்று கடைசி ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் 55ஆம் நகர்வாக யானையைத் தவறான கட்டத்தில் வைத்தபோது, திரையோரம் இருந்த கணினி மதிப்பீட்டுப் பட்டை சட்டென்று சரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது, எதிரே ஆடிய நம் குகேஷுக்கு இன்னும் தெரியவில்லை. சில நொடிகளில் அவர் முகம் மாறியதே, அதைப் பார்த்தபோது அப்பா என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒரு கேட்சைக் கொன்றது. இங்கே அதே முன்னறிவுதான் நெஞ்சை அடைத்தது. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். மேசைக்கு எதிரில் இருப்பவருக்கும் தெரியாததை நாம் அறிந்திருப்பது பதற்றம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்ததை நாம் அறியாமல் இருப்பது அவமானம். அவ்வளவுதான் வேறுபாடு என்று தோன்றுகிறது.

சிறு வசதிகள் வேறு உண்டு. தாமதமாக வீடு திரும்பினாலும் முதல் பந்திலிருந்து பார்க்கலாம். விக்கெட் விழுந்ததை மட்டும் தேடிப் போகலாம். வர்ணனை மொழியை மாற்றலாம். தொல்லைகளும் உண்டு. ஒரு தொடரின் உரிமை ஒரு சேவையிடமும் அடுத்த தொடருடையது இன்னொன்றிடமும் போய்விடுவதால் சந்தாக்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. முக்கிய ஆட்டம் தொடங்கும் நேரம் பார்த்து, அனுமதிக்கப்பட்ட திரைகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளுகிறது. கேபிளிலும் இதற்கு நிகரான தொல்லைகள் இருந்தன, ஆகவே இதில் ஒரு பக்கத்தை மட்டும் பழிக்க மனம் வரவில்லை.

இதன் அளவையும் நினைத்துப் பார்க்கிறேன். 2023 நவம்பர் 19 அன்று ஒருநாள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் வரை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தனித்தனியாகத் துண்டு துண்டாக வெட்டிப் பரிமாறிய பொறியாளர்களைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? 2024 நவம்பரில் மைக் டைசனும் ஜேக் பாலும் மோதிய குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டியபோது, ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 6.5 கோடியைத் தொட்டார்கள். படம் நின்று நின்று வந்ததாகப் பலர் புலம்பினார்கள். பந்தி பெரிதானால் கடைசி இலைக்குச் சோறு வரத் தாமதமாகத்தான் செய்யும். அறிவு இதை ஒப்புக்கொள்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல் எழும்போது அறிவு எங்கே போகிறதோ தெரியவில்லை.

ஆக, நண்பருக்கு இறுதியாக அனுப்பிய பதில் இதுதான்: "கேபிளை எடுத்துவிடாதீர்கள். குறைந்தது பக்கத்து வீட்டுக்காரரும் எடுக்கும் வரை பொறுத்திருங்கள்." அனுப்பிய கையோடு என்னுடைய ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்தேன், நாள் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது, யாரும் அவசரப்படுத்தவும் இல்லை. "அப்ப நீங்க மட்டும் ஏன் வெச்சிருக்கீங்க?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். நேற்றிரவு ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது அந்தச் செய்தியைப் பார்த்தேன். பதில் எழுதத் தொடங்கியபோது சுவருக்கு அப்பால் யாரோ "ச்சே" என்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.