பச்சை டிக்கை நம்பாதீர்கள்: வழக்கு மென்பொருளோடு நான்கு வருடம்

வேறு ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கும் நண்பர் நேற்று போனில் கேட்டார்: "அண்ணே, நீங்க வச்சிருக்கிற கேஸ் சாஃப்ட்வேரை நாங்களும் வாங்கலாமா?" வாய்தா தேதி, கட்சிக்காரர் விவரம், பில் போடுவது எல்லாம் இந்த வகை மென்பொருள் எதுவுமே செய்வதுதான், அதை விடுங்கள். நான்கு வருடமாக என் உயிரை வாங்குவது ஆவணத்தை ஏற்றியதும் வந்து நிற்கும் பச்சை டிக்.

அந்த டிக்குக்குக் கோப்பு சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். அதற்கப்புறம் வைரஸ் சோதனை, படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் ஓசிஆர், தேடலுக்கான அட்டவணை என்று வரிசையாக வேலை இருக்கிறது. அதில் எது படுத்துக்கொண்டாலும் டிக் பச்சையாகவே இருக்கும். பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்பை ஏற்றிப் பாருங்கள், அதற்கும் பச்சைதான். உள்ளே ஒரு வார்த்தைகூடப் படிக்கப்பட்டிருக்காது.

போன வருடம் ஒரு நாள் சீனியர் வாதாடிக்கொண்டிருக்கிறார், நான் பின்னால் உட்கார்ந்து டேப்லட்டில் "முன்பணம்" என்று தேடுகிறேன். முடிவுகள் இல்லை என்கிறது. ஒப்பந்தத்தின் 31ஆம் பக்கத்தில் அந்தச் சொல் கண்ணெதிரே இருக்கிறது! கையால் பக்கம் தள்ளி எடுத்துக் கொடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

உதவி மையத்துக்கு எழுதினேன். கேஷை, அதாவது கணினியின் தற்காலிகச் சேமிப்பை, அழித்துவிட்டு மறுபடி உள்ளே வரச் சொன்னார்கள். வந்தேன். திரும்ப எழுதினேன், அதே பதில். மூன்றாவது முறையும் அதேதான். கடைசியில் நானே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரியை காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். தமிழே வரவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னவோ விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஒப்பந்தம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய அந்த வகை எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கும். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் குப்பை. பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறதே என்று மென்பொருளும் ஓசிஆரைச் செய்யாமல் தாண்டிப் போய்விட்டது. வெறும் ஸ்கேன் படமாக இருந்திருந்தால் ஒழுங்காகப் படித்திருக்கும் என்பதுதான் வேடிக்கை. பக்கங்களை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படமாக மாற்றி, ஓசிஆர் மொழியைத் தமிழ் என்று வைத்து மறுபடி ஏற்றினேன். "முன்பணம்" ஏழு இடத்தில் வந்தது.

கலரில் ஸ்கேன் செய்து ஏற்றி, அளவு மீறிவிட்டது என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 300 டிபிஐயில் ஒரு ஏ4 பக்கம் சுருக்காமல் கலரில் சுமார் 26 எம்பி, சுத்தக் கறுப்பு வெள்ளையில் சுமார் 1 எம்பி. இதில் மென்பொருளின் குற்றம் எதுவும் இல்லை.

கோப்புப் பெயரிலும் ஒரு கூத்து. "கொடுக்கல் கணக்கு" என்று தேடினால் அந்தப் பெயருள்ள இரண்டு கோப்பில் ஒன்றுதான் வரும். "கொ"வின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். பழைய மேக் கணினிகள் கோப்புப் பெயரைப் பிரித்துத்தான் வைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, இந்தத் தேடலுக்கு வேறு வேறு. அதிலிருந்து எல்லாக் கோப்புக்கும் வருடம், மாதம், நாள் என்று எண்ணில்தான் பெயரைத் தொடங்குகிறேன்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாமல் இருந்தால் பாவம். வாய்தாவுக்கு முந்தின ராத்திரி எங்கள் ஜூனியர் ஒருவர், திருத்தி முடித்த எதிருரையின் மேலேயே பழைய வரைவை ஏற்றிவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. பதிப்பு வரலாற்றைத் திறந்தால் யார், எத்தனை மணிக்கு, எதை மாற்றினார் என்று வரிசையாக இருக்கிறது. அரை நிமிடத்தில் நல்ல பிரதி திரும்பி வந்தது. அன்றைக்கு அந்த நிரலை எழுதியவரைப் பார்த்திருந்தால் கும்பிட்டிருப்பேன்.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். "அப்ப நீங்க மட்டும் போன வாரம் சந்தாவைப் புதுப்பிச்சிருக்கீங்களே?" என்றார். ஆறாயிரம் கோப்பை இன்னொரு இடத்தில் மறுபடி யார் ஏற்றுவது? சரி, வாங்கியே தீருவேன் என்றால் சோதனைக் காலத்திலேயே மூன்று கோப்பை ஏற்றிப் பாருங்கள் என்றேன்: ஒரு பாமினி பிடிஎஃப், பக்கவாட்டில் சாய்ந்த ஒரு ஸ்கேன், பாஸ்வேர்டு போட்ட ஒன்று. மூன்றுக்கும் சத்தமில்லாமல் பச்சை டிக் வந்தால் வேறு கடை பாருங்கள்.