சுங்கை சிப்புட்டில் இருகை ரோபோ பயிற்சி: ஒரு மதிப்பீடு

பக்கவாதத்தால் இடக்கை செயலிழந்த என் மாமாவை, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரின் கடைவரிசையொன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் தனியார் மறுவாழ்வு மையத்துக்குச் சில மாதங்களாக அழைத்துச் சென்று வருகிறேன். ஈப்போவுக்கு அலைய வேண்டியதில்லை என்பதே தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பெரிய வசதி.

மையத்தின் முதன்மைக் கருவி, பெர்லினில் மருத்துவர் ஷ்டெஃபான் ஹெஸ்ஸேயின் குழுவினர் உருவாக்கி 2003இல் ஆய்வு வெளியிட்ட பை-மனு-ட்ராக் கருவியின் வகையைச் சேர்ந்தது. மேசைமீது இரண்டு கைப்பிடிகள் உள்ளன. நோயாளி நல்ல கையால் ஒன்றைத் திருப்பும்போது, மோட்டார் மற்றொன்றைத் திருப்பி, முடங்கிய கையையும் உடன் அசைக்கிறது. முன்கையைப் புரட்டுவது, மணிக்கட்டை மடக்கி நீட்டுவது என இரண்டே அசைவுகள்தாம். ஆனால் சிகிச்சையாளர் தம் கையால் பிடித்துச் செய்தால் சீக்கிரமே களைத்துவிடக்கூடிய இந்த வேலையைக் கருவி ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை சலிக்காமல் செய்துவிடுகிறது. தொடக்கத்தில் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த மாமாவின் மணிக்கட்டு, பின்னர் மோட்டாரை முந்திக்கொண்டு தானே மடங்கத் தொடங்கியதைப் பக்கத்தில் அமர்ந்து பார்த்தேன். விரல்களை மட்டும் இன்னும் பட்டை போட்டுத்தான் கைப்பிடியில் நிறுத்துகிறார்கள்.

இருப்பினும், இரு கைகளும் ஒன்றுபோல் அசைவது வேறு, இரண்டும் பங்கிட்டு ஒரு வேலையைச் செய்வது வேறு. கைலி கட்டும்போது ஒரு கை மடிப்பைப் பிடித்து நிறுத்த, மற்றது இழுத்துச் செருகுகிறது. மாமா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில், பால் சேரும் மங்குக் கிண்ணத்தைப் பிடித்த கை அசையாதிருக்க, மறு கை பாலை வழித்தது. இந்தப் பங்கீட்டைக் கருவி கற்றுத்தருவதில்லை. ஒரு கைக்கான எம்ஐடி-மேனஸ் ரோபோவைக் கொண்டு பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தி, 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்விலும், வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடுதலாக மேம்பட்டதாகத் தெரியவில்லை.

ஆகவே, கருவியை விட்டு இறங்கியதும் அங்குள்ள இளம் சிகிச்சையாளர் கொடுக்கும் மேசைப் பயிற்சியையே நான் உயர்வாக மதிக்கிறேன். மைலோ டின்னை இடக்கையால் அணைத்து வலக்கையால் மூடியைத் திறக்கவும், ஈரத்துண்டை முறுக்கிப் பிழியவும், பயற்றங்காயை ஒடிக்கவும் வைக்கிறார். "அய்யா, நல்ல கை உதவிக்கு வரட்டும், வேலையை அது பிடுங்கிக்கொள்ளக்கூடாது" என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார். கூட்டம் அதிகமான நாள்களில் முதலில் வெட்டப்படுவதும் இந்தப் பகுதிதான் என்பது வருத்தம்; விளம்பரப் பலகையில் ரோபோவின் படம்தானே இருக்கிறது!

கருவியின் திரையில் ஆங்கிலமும் மலாயும் மட்டுமே உள்ளன. வாசலில் உயரமான படி உண்டு, சாய்தளம் கிடையாது. பக்கவாத நோயாளிகளுக்கென்றே நடத்தப்படும் இடத்தில் இதை ஏற்க முடியவில்லை. கட்டணத்தைப் பத்து அமர்வுகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்குகிறார்கள், வராத நாளுக்குத் திருப்பித் தருவதில்லை. பெர்கேசோ என்னும் மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டுவோர், மலாக்காவில் உள்ள அதன் மறுவாழ்வு மையத்தில் தங்களுக்குத் தகுதி உண்டா என்று கேட்டறிந்த பிறகு இங்கே பணம் கட்டலாம். சேர்வதானால் மேசைப் பயிற்சிக்கு எத்தனை நிமிடம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.