செராத்திங்கும் எங்கள் வேனும்: சில மழைக்காலங்கள் ஓட்டிய பின்

கேம்பர்வேன் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து கழிப்பறையைக் கேட்கிறார்கள். மழையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மலேசியாவில் ஒரு வேன் தேறுமா தேறாதா என்று சொல்வது மழையும் புழுக்கமும்தான். எங்கள் வேனுக்கு இரண்டும் நன்றாகப் பழக்கம். நாங்கள் அதில் போவது பெரும்பாலும் ஒரே ஊருக்கு, அதுவும் அந்த ஊரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் மாதங்களில்.

ஊர் செராத்திங். பகாங் மாநிலம், குவாந்தானுக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். நடுவயதில் அலைச்சறுக்குப் பலகையில் ஏறிய பெண் நான். என் வீட்டுக்காரர் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காதவர்; வேன் அவருடைய பொறுப்பு, அலை என்னுடையது. "இந்த வெயிலில் கறுத்துப் போய்விடுவாய்" என்று அத்தை ஒவ்வொரு முறையும் சொல்வார். மழைக்காலத்தில்தான் போகிறோம் என்று சொன்னால் கவலை இன்னும் கூடிவிடும்.

ஏன் மழைக்காலம்? கே.எல்.லிலிருந்து, அதாவது கோலாலம்பூரிலிருந்து, போர்ட்டிக்சன் கடற்கரை பக்கம்தான், ஆனால் அங்கே சறுக்க அலை இல்லை. மலாக்கா நீரிணையைச் சுமத்ரா மறைத்துக்கொண்டு நிற்கிறது. பெருங்கடலின் அலை உள்ளே வர வழியில்லை. கிழக்குக் கரையில் திறந்த தென்சீனக் கடல். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று அந்தக் கடல்மேல் நெடுந்தூரம் ஓடிவந்து அலையைத் தள்ளிக்கொண்டு கரை சேர்க்கும். ஆண்டின் நடுவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும். அப்போது செராத்திங் கடல் குளம் போலக் கிடக்கும். தீபாவளி முறுக்கு தீர்வதற்குள் பருவம் தொடங்கிவிடும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

சிக்கல் என்னவென்றால் அலையைக் கொண்டுவரும் அதே காற்றுதான் வெள்ளத்தையும் கொண்டுவருகிறது. 2021 டிசம்பரில் பகாங்கில் வெள்ளம் வந்தபோது கிழக்குக் கரை நெடுஞ்சாலையே துண்டிக்கப்பட்டு, வாகனங்கள் நடுவழியில் நின்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வானிலைத் துறையான மெட்மலேசியாவின் தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் வந்தால் போவோம், ஆரஞ்சு வந்தால் வேன் வீட்டில் இருக்கும், சிவப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. நவம்பர், டிசம்பரில் மழை உக்கிரம். பிப்ரவரிக்குப் பிறகு மழை குறையும், அலை கொஞ்ச காலம் தங்கும். வேனில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது பிப்ரவரி. அலை மட்டுமே வேண்டும், எங்கே தூங்கினாலும் சரி என்பவர்கள் ஜனவரியில் வரட்டும்.

இனி வேன். நிசான் என்வி350, 2.5 லிட்டர் டீசல், கியர் வண்டி, இரண்டாம் கையாக வாங்கியது. காலியான பின்பகுதியில் கட்டில், அலமாரி, தண்ணீர்த் தொட்டி, கூரையில் விசிறி, சூரிய மின்தகடு எல்லாம் பொருத்தினோம். வாகனத்தின் அமைப்பை மாற்ற ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும், பரிசோதனையும் உண்டு. பட்டறைக்காரர் சொன்ன காலத்தைவிடக் காகித வேலை நீண்டது. முன்னால் மட்டும்தான் இருக்கை. பின்னால் பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டலாம் என்ற எண்ணமிருந்தால் இந்த வகை வேனே வேண்டாம்.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் இடது பக்கம் லாரிகளோடு சேர்ந்து மெதுவாக ஏறும், காராக் தாண்டிவிட்டால் சுகமாக ஓடும். இரண்டு அச்சு, நான்கு சக்கரம் என்பதால் டோலில் காருக்கு என்ன கட்டணமோ அதுதான். செலவு டீசலில். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் மானியம் நீங்கியபோது லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) ஒரே இரவில் 3.35 ஆனது, அப்புறம் விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது என்று வைத்தால், ஒரு வழிக்கு முன்பு 60 வெள்ளி போனது, விலை ஏறிய வாரத்தில் 94 வெள்ளியானது. செராத்திங்கில் ஒரு சாதாரண சாலே (சிறு குடில் விடுதி) அறைக்குக் கொடுப்பதை வேன் மிச்சப்படுத்துகிறது என்ற வாதம் அன்றோடு பலவீனமாகிவிட்டது. காசை மிச்சம் பிடிக்க வேன் வாங்காதீர்கள்.

மின்சாரக் கணக்கு பலருக்குப் புரியாத இடம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். எங்களிடம் இருப்பது 200 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஏறத்தாழ 2,500 வாட்-அவர். சின்னக் குளிர்பெட்டி ஒரு நாளைக்கு 500 வாட்-அவர் வாங்கும். கூரை விசிறி இரவு முழுக்க ஓடினால் 200 சொச்சம். விளக்கு, கைப்பேசி எல்லாம் ஒரு நூறு. ஆக, வெயிலே இல்லாவிட்டாலும் மூன்று நாள் தாங்கும். வெயில் இல்லாத நாள்கள்தான் அங்கே அதிகம். கூரைத் தகடு 200 வாட்; நல்ல வெயிலில் அன்றைய செலவை ஈடுகட்டும், மேகம் மூடிய நாளில் பேருக்குத்தான் வேலை செய்யும். எங்களைக் காப்பாற்றுவது எஞ்சினிலிருந்து பேட்டரிக்கு மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர். கே.எல்.லிலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டிப் போய்ச் சேரும்போது பேட்டரி நிறைந்திருக்கும். மழைக்காலத்துக்கென்று வேன் அமைப்பவர்கள் தகட்டில் போடும் காசைக் குறைத்து இந்தச் சார்ஜரில் போடலாம்.

ஏர்கோன் இல்லை. எட்டு மணி நேரம் ஓட்ட நாலாயிரம் வாட்-அவராவது வேண்டும், எங்கள் பேட்டரி அதற்குக் காணாது. வெளிநாட்டு வேன்காரர்கள் ஹீட்டரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் ஜூன் மாத இரவில் விசிறி மட்டும் போட்டுப் படுத்தால் விடியும்வரை புரண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. கடல்காற்றும் மழையும் சேர்ந்து வேனைக் குளிர வைத்துவிடும். அந்த ஒரு விஷயத்தில் பருவம் எங்கள் பக்கம்.

மற்ற எல்லாவற்றிலும் எதிர்ப்பக்கம். ஈரம், ஈரம், ஈரம். இரண்டு பேர் மூச்சு விட்டாலே காலையில் கண்ணாடியில் தண்ணீர் வடியும். அதோடு நனைந்த துண்டு, நனைந்த சட்டை, மணல் ஒட்டிய பலகை. மெத்தைக்கு அடியில் காற்று போக வழியில்லாமல் பலகையை அடித்திருந்தார்கள். முதல் பருவத்திலேயே அடிப்பக்கம் பூஞ்சை பிடித்தது. சட்டங்களாக மாற்றி இடைவெளி விட்ட பிறகு நின்றது. கூரை விசிறியைச் சுற்றியிருந்த ஒட்டுப்பசை இரண்டாம் பருவத்தில் விட்டுக்கொடுத்து, நள்ளிரவில் சரியாக வீட்டுக்காரர் நெற்றியில் சொட்டியது. "கட்டில் உன் யோசனைதானே" என்றார். கட்டிலுக்கும் சொட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, இடம் மாறிப் படுத்தோம். வேனை அமைத்துக் கொடுத்த பட்டறைக்காரரோ கே.எல்.லில் வெயிலில் வேனைப் பார்த்துவிட்டு ஒழுக்கே இல்லையே என்றார்.

துணி காய்வதற்கு நாங்கள் கண்ட ஒரே வழி தோபி கடை. சிறு பட்டணத்திலும் தானே துவைத்துக்கொள்ளும் தோபி ஒன்றாவது திறந்திருக்கிறது. சில வெள்ளி போட்டு உலர்த்தியில் துண்டுகளைச் சுழற்றிவிட்டுச் சூடாக எடுத்து வந்தால் அன்றிரவு தூக்கம் நிச்சயம். வேனுக்குள் கொடி கட்டிக் காயவைக்க நினைத்தால் துணி காயாது, வேன்தான் நனையும்.

பலகை வைக்கும் இடமும் யோசிக்க வேண்டியது. பழகுபவர்களுக்கான எட்டடிப் பஞ்சுப் பலகை உள்ளே நீளவாக்கில் வந்துவிடும், ஆனால் படுக்கையின் பாதியைப் பிடித்துக்கொள்ளும். கூரையில் கட்டினால் உயரம் கூடும். கே.எல்.லில் பல பேரங்காடி நிறுத்துமிடங்களில் 2.1 மீட்டர்தான் வரம்பு. விசிறியும் தகடும் பொருத்திய வேன் அதிலேயே நுழையாது. எங்கள் அடுக்குமாடியிலும் அதே கதை, வேன் ரவாங்கில் என் அக்கா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இன்னொன்று, மூடிய வேனை வெயிலில் விட்டால் பலகையில் தேய்த்த மெழுகு உருகிப் படுக்கை விரிப்பில் இறங்கிவிடும். வெப்பநாட்டுக் கடலுக்கென்று விற்கும் கெட்டி மெழுகும் அந்தச் சூட்டைத் தாங்காது. விரிப்பை நாங்கள் தலைமுழுகிவிட்டோம்.

சரி, இவ்வளவு தொல்லைக்கு என்னதான் லாபம்? காலை ஏழு மணி. கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று வலுக்கும் முன், அலை ஒழுங்காக வந்து உடையும் கொஞ்ச நேரம் உண்டு. காற்று ஏறிவிட்டால் கடல் முழுக்கக் கலங்கல். அங்கே அலைகளுக்கிடையே இடைவெளி குறைவு, ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கலங்கிவிட்டால் என்னைப் போன்றவர்கள் துடுப்பு போட்டே களைத்துவிடுவோம். வேன் கதவைத் தள்ளித் திறந்தால் கடல் தெரியும் என்பதால் அந்த நேரத்தைத் தவறவிடுவதில்லை. மழை வலுத்தால் மறுபடி படுத்துக்கொள்ளலாம், விட்டால் இறங்கலாம். தரை மணல், பாறை பயம் குறைவு. நுரையிலேயே விழுந்து எழுந்து பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். கடல் உள்ளே இழுக்கும். கம்பத்துப் பையன்களே, அதாவது கிராமத்துப் பிள்ளைகளே, அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து கித்தார் வாசிக்கிறார்கள்.

அந்தப் பையன்களைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் பலகையோடு வந்துவிடுவார்கள், நீளப் பலகையின் நுனிவரை நடந்து போகும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். நான் விழுந்தால் "காக், லாகி சத்து!" என்று கத்துவார்கள். அக்கா, இன்னொரு தடவை என்று அர்த்தம், எனக்கு அது கட்டளை. கடற்கரையோர ஸ்டாலில் இருக்கும் மாக்சிக் (மலாய் அம்மா) என் வீட்டுக்காரரை "அனே", அதாவது அண்ணே, என்றே கூப்பிட்டு, கேட்காமலே பால் இல்லாத தே ஓ தேநீர் கொண்டுவந்து வைப்பார்.

ஊர் என்று பார்த்தால் சின்னதுதான். ஒரு தெரு, சாலேக்கள், துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்தேக் வரைந்து பழகும் இடம், சில கடைகள். 1970-களின் கடைசியில் ஆசியாவின் முதல் கிளப் மெட் இங்கே வந்தது. அந்தப் பெரிய விடுதிக்கும் கம்பத்துக்கும் இடையில் இன்னும் இரண்டு உலகம். இரவில் ஆற்றில் படகேறி மின்மினி பார்க்கலாம், மழை விட்டிருந்தால். ஆமை முட்டையிடும் காலம் ஆண்டின் நடுவில் என்பதால் அலைக்கு வருபவர்கள் ஆமைக் காப்பகத்தைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான். நாள் முழுக்க மழையென்றால் நாங்கள் வடக்கே அரை மணி நேரம் ஓட்டி கெமாமானில் சுக்காய்க்குப் போய்விடுவோம். ஹாய் பெங் கடைக் காப்பி, மீன் விழுதை வாழையிலையில் வைத்துச் சுட்ட சாத்தார், சூடான கெரோப்போக் லெக்கோர் எனும் மீன் பலகாரம். அது திரெங்கானு மாநிலம், அங்கே வார விடுமுறை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். ஞாயிற்றுக்கிழமை பட்டறைகள் திறந்திருக்கும். கூரை ஒழுக்கை அடைத்துக் கொடுத்தது சுக்காயில் ஒரு ஞாயிறு பட்டறைதான்.

சமையல் வேனில் பெரிதாக இல்லை. ஒற்றை கேஸ் அடுப்பு, மழையில் பின்கதவைத் தூக்கி அதன் நிழலில் வைத்துச் சமைப்போம்; உள்ளே சமைத்தால் ஈரமும் சம்பல் வாசமும் மெத்தையில் ஏறிவிடும். தோசை மாவு கொண்டுபோனால் குலுக்கலில் பொங்கிக் குளிர்பெட்டியைக் கழுவ வைக்கும், ரவை உப்புமா போதும். வேன் அடுப்பின் அருமை நோன்பு மாதத்தில் தெரியும். 2025-இல் நோன்பு மார்ச் 2-இல் தொடங்கியது, பருவத்தின் வால்பகுதி. பகலில் கம்பத்துக் கடைகள் மூடியிருக்க, நாங்கள் வேனுக்குள் அடக்கமாகச் சாப்பிட்டோம். சாயங்காலம் நோன்புச் சந்தையில் விட்டதைப் பிடித்துவிட்டோம்.

கழிப்பறைக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சின்னக் கையடக்கக் கழிப்பறை ஒன்று இருக்கிறது, இரவு அவசரத்துக்கு மட்டும். மற்றபடி வழியில் தெமெர்லோ, கம்பாங் ஊர்களின் ஆர் என் ஆர் (நெடுஞ்சாலை ஓய்விடங்கள்), எண்ணெய் நிலையங்கள். ஊரில் ஒரு சாலேக்காரரிடம் காசு கொடுத்து அவர் வளவில் வேனை நிறுத்தி, குளியலறையைப் பயன்படுத்துகிறோம். கடற்கரையில் இலவசமாக நிறுத்தித் தூங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓதம் ஏறும், மணலில் சக்கரம் புதையும், குரங்குகள் குப்பைப் பையைத் தேடி வரும், கம்பத்து மக்களுக்கும் அது தொந்தரவு.

உப்புக்காற்று வேனைத் தின்னும். திரும்பும் வழியில் குவாந்தானில் அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாமல் நாங்கள் நெடுஞ்சாலை ஏறுவதில்லை. இழுகதவுத் தண்டவாளத்தில் மணல் சேர்ந்தால் கதவு முனகத் தொடங்கும். அதற்கென்றே ஒரு பழைய பல்துலக்கி வண்டியில் இருக்கிறது.

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மட்டும் போகிறவர்கள் சாலே எடுங்கள், அதுவும் முன்கூட்டியே. வார நடுவில் இரண்டு நாள் கழற்றிக்கொண்டு கிளம்ப முடிந்தவர்களுக்குத்தான் வேன். வாங்க முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கூரை விசிறியைச் சுற்றிக் கால் மணி நேரம் பீய்ச்சுங்கள். உள்ளே ஒருவர் கட்டிலில் படுத்து மேலே பார்த்துக்கொண்டிருக்கட்டும். விற்பவர் முகம் சுளித்தால் வேறு வேன் பாருங்கள்.