பிட்காயின் நோட் ஓட்டிய அனுபவம்: பத்து நிமிஷம் என்பது எந்தக் கணக்கு?

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் 2021க்கு முன்பிருந்தே பிட்காயின் கோர் ஓடுகிறது. பிட்காயின் விதிகளைத் தானே சரிபார்க்கும் மென்பொருள் அது, அதை ஓட்டும் கம்ப்யூட்டர்தான் நோட். காசு ஒன்றும் வராது, கரண்டும் டிஸ்க்கும்தான் செலவு. ஆனால் ஒவ்வொரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் தொகுப்பு, வரும்போதும் லாக் ஃபைலில் அப்டேட்டிப் என்று ஒரு வரி விழும், பிளாக் எண்ணும் நேரமும் அதிலேயே இருக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியும், பிளாக்குக்குப் பத்து நிமிஷம் என்று சொல்வது வெறும் சராசரி. ஒரே நிமிஷத்தில் இரண்டு பிளாக் வரும், அப்புறம் முக்கால் மணி நேரம் சத்தமே இருக்காது. சுமார் 400 பிளாக்குக்கு ஒரு தடவை இடைவெளி ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அதாவது மூன்று நாளைக்கு ஒருமுறை. நாற்பது நிமிஷம் காத்தாச்சு, இனி சட்டென்று வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது, அந்த நிமிஷத்திலிருந்தும் சராசரி காத்திருப்பு அதே பத்துதான்.

டிஃபிகல்ட்டி, அதாவது ஒரு பிளாக்கைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்ற அளவு, மாறுவது 2016 பிளாக்குக்கு ஒருமுறை. அத்தனை பிளாக்கும் 14 நாளுக்குள் முடிந்தால் ஏறும், இழுத்தால் இறங்கும், எப்படியும் ஒரே தடவையில் நான்கு மடங்குக்கு மேல் மாறாது. (கோடில் 2016க்குப் பதில் 2015 இடைவெளியைத்தான் அளக்கிறார்கள். சின்னப் பிழை, ஆனால் திருத்த ஹார்ட் ஃபோர்க், அதாவது எல்லோரும் சேர்ந்து புது விதிக்கு மாறுவது, வேண்டும் என்பதால் அப்படியே கிடக்கிறது.)

இதற்கு நிஜமான சோதனை 2021இல் வந்தது. கம்ப்யூட்டர்களை ஓட்டிப் புது பிளாக் கண்டுபிடிக்கும் மைனிங்கைச் சீனா தடுத்ததும் ஹேஷ்ரேட், அதாவது மைனர்களின் மொத்தக் கணக்கு வேகம், சரிந்தது, அந்த 2016 பிளாக் சுற்று முடிய 19 நாளுக்கு மேல் ஆனது. ஜூலை 3ஆம் தேதி 689472ஆவது பிளாக்கில் டிஃபிகல்ட்டி ஒரேயடியாக சுமார் 28 சதவீதம் இறங்கியது. யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை, என் நோட் தானே கணக்குப் போட்டு ஏற்றுக்கொண்டது.

டிஃபிகல்ட்டி மாற இவ்வளவு மெதுவாகவா என்று எரிச்சல் வரும், சரி. ஆனால் பிட்காயினிலிருந்து பிரிந்த பிட்காயின் கேஷ் 2017இல் அவசரப்பட்டது. ஆறு பிளாக்குக்கு 12 மணி நேரம் தாண்டினால் டிஃபிகல்ட்டியை 20 சதவீதம் குறை என்று விதி வைத்தார்கள். மைனர்கள் விலகி நின்று டிஃபிகல்ட்டி விழட்டும் என்று காத்திருந்து, விழுந்ததும் மொத்தமாகப் புகுந்து பிளாக்குகளை அள்ளினார்கள். நவம்பரிலேயே அந்த விதியைத் தூக்க வேண்டியதாயிற்று. எனக்கு இந்த மந்தமே பிடித்திருக்கிறது.

பெரிய தொகைக்கு ஆறு கன்ஃபர்மேஷன், அதாவது பணம் ஏறிய பிளாக்கையும் சேர்த்து ஆறு பிளாக், கேட்டால் ஒரு மணி நேரம் என்று நம்பாதீர்கள், ஒன்றரை மணி ஒதுக்குங்கள். பத்தில் ஒரு தடவை அதுவும் பத்தாது.