காபிக்குக் குறுக்கே நிற்கும் மாத்திரை

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். எடை குறைய வயிற்றை வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து அவளுக்குப் பத்து மாதம் ஆகிறது. மூன்று மாதமாக எடை அசையவே இல்லையாம். "அக்கா, நீயும் தைராய்டு மாத்திரை போடுறவதானே? டோஸை நானே கொஞ்சம் ஏத்திக்கிட்டா இறங்குமா?" என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம், நெஞ்சு படபடக்கும், நாள்பட்டால் எலும்பும் தேயும் என்று சொல்லி வைத்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பதினொரு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் மாத்திரை போடுகிறேன். ஸ்லீவ் செய்துகொண்டது 2022இல். அன்றைக்கு எடை 112 கிலோ, மாத்திரை 125 மைக்ரோகிராம். முதல் எட்டு மாதம் எடை கிடுகிடுவென்று இறங்கியது. டோஸும் 100க்கு வந்தது. உடம்பு சிறுத்தால் மருந்தும் சிறுக்கும், அதில் அதிசயம் இல்லை. அப்புறம் 81இல் வந்து நின்றுவிட்டது. ஒரு நாள் 80.8, மறுநாள் 81.3. இப்படியே ஐந்து மாதம்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டீ காசில் நாலைந்து நாள் ஓடும். என் சண்டையெல்லாம் காலைக் காபி விஷயத்தில்தான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டால், அப்புறம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேறு எதுவும் கூடாது. காபி கூடவே கூடாது, மருந்தை உடம்பில் சேரவிடாது. ஆபரேஷனுக்கு முன்னால் தொல்லை இதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு கூட்டமே வந்து சேர்ந்தது: கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின், பான்டோபிரசோல். கால்சியமும் இரும்பும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நாலு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும். அந்தக் கால்சியத்துக்கும் இரும்புக்கும் தங்களுக்குள்ளேயே ஆகாது. தைராய்டு மாத்திரை சரியாகக் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், பான்டோபிரசோலின் வேலையே அமிலத்தை அடக்குவது. கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் பந்தியில் உட்கார வைப்பதே இதைவிடச் சுலபம். எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்கிறவளால் ஆகிற காரியமா இது? ஐந்தரைக்கு மாத்திரை, ஐந்தே முக்காலுக்குக் காபி, ஏழு மணிக்கு மிச்சம் எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் விழுங்கிக்கொண்டிருந்தேன்.

பகலெல்லாம் தூக்கம், மலச்சிக்கல், சித்திரை மாதத்திலும் போர்வை. டோஸ் பற்றவில்லை என்று நானே முடிவு கட்டி ரத்தம் கொடுத்தால், டி.எஸ்.எச். (தைராய்டு குறைந்தால் ஏறும் எண்) 1.1 என்று வந்தது. எல்லாம் சரியாம்! டாக்டரம்மாவுக்கு என்னவோ சந்தேகம். "முடிக்கு ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். ஆபரேஷனுக்குப் பின் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியதில் மருந்துக்கடையில் வாங்கிய பயோட்டின் ஓடிக்கொண்டிருந்தது. சில லேப் முறைகளில் பயோட்டின் டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். அதை நிறுத்தி ஒரு வாரம் கழித்துக் கொடுத்ததில் 9.4. தைராய்டு டெஸ்டுக்குப் போகிறவர்கள் முடி மாத்திரையைப் பற்றி வாய் திறந்து சொல்லிவிடுங்கள், கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

"எடை குறைஞ்சவங்களுக்கு டோஸும் குறையறதுதான் வழக்கம். உங்களுக்கு ஏத்தணும்னா மாத்திரை உள்ளே சேரலைன்னுதான் எனக்குத் தோணுது. எத்தனை மணிக்கு என்னென்ன போடுறீங்க, எழுதிக் காட்டுங்க" என்றார். எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டார். டோஸைத் தொடவில்லை, நேரத்தை மாற்றினார். காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் பிறகு கால்சியம், மாலை ஐந்துக்கு இரும்பு, ஏழரைக்குள் இரவுச் சாப்பாடு, பத்தரைக்குத் தைராய்டு மாத்திரை. பான்டோபிரசோல் இனித் தேவையில்லை என்று நிறுத்தினார். தைராய்டு மாத்திரையைக் காலையில்தான் போட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையாம். நெதர்லாந்தில் 2010இல் வந்த ஓர் ஆய்வில், படுக்கப் போகும்போது போட்டவர்களுக்கு அளவுகள் இன்னும் நன்றாகவே இருந்திருக்கின்றன. பத்து வருடம் காபிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் இதை யாரும் சொல்லவில்லையே!

இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அவ்வளவு மெதுவான ஆசாமி. அதனால் மாற்றம் தெரிய ஆறு வாரமாவது பொறுக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். 2.6, அதே 100 மைக்ரோகிராமில். பகல் தூக்கம் போயிற்று, மலச்சிக்கல் போயிற்று, போர்வை அலமாரிக்குப் போயிற்று.

எடை? 79.2.

மெஷினை ஜன்னல் வழியாக எறியலாம் போல இருந்தது. தைராய்டு குறைவால் ஏறுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் நீரும் என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு வருடம் தாண்டினால் இறக்கம் தானாகவே மெதுவாகும் என்றார். அப்புறம் மெல்ல, நாலு மணி டீக்கு என்ன தொட்டுக்கொள்கிறீர்கள் என்றார். சிறுத்த வயிற்றில் ஒரு முட்டையும் அரை கப் சாதமும் போனால் அடைத்துக்கொள்ளும். மிக்சரும் பிஸ்கட்டும் டீயோடு கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், எவ்வளவு போயிற்று என்று வயிற்றுக்கே தெரியாது. அந்தக் கணக்கு எனக்கும் பலகாரக்கடைக்கும் நடுவில் இருப்பது, இங்கே வேண்டாம். மாத்திரைமேல் ஐந்து மாதம் போட்ட பழியில் முக்கால்வாசியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது காலையில் எழுந்ததும் காபி. கடிகாரம் பார்ப்பதில்லை. அந்த முதல் வாரம் டிகாக்‌ஷன் இறங்கும் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை, 30 கிலோ இறங்கினபோதுகூட நான் அனுபவிக்கவில்லை. சித்தி மகளுக்கும் டோஸை விட்டுவிட்டு நேரத்தை எழுதிக் கொண்டுபோய் அவள் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று ஒரு கல்யாண வீட்டில் பந்தி போடவே ஒன்பதரை ஆகிவிட்டது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆக வேண்டுமே என்று, மாத்திரைக்காக நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டே முக்கால் வரை கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன். நல்ல மருந்துதான். எனக்குப் பிடிக்கவில்லை.