பிடியரிசிச் சோறு: கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயச் சமையலறை

2022 ஜூன் முதல் மறு வருடம் மார்ச் வரை, கிழமைக்கு நான்கு நாள் மதியச் சாப்பாட்டை நானும் என் இரண்டு பிள்ளைகளும் இந்தத் தேவாலய மண்டபத்தில்தான் சாப்பிட்டோம். இப்போது கிழமைக்கு இரண்டு நாள்தான் சமைக்கிறார்கள். அதில் செவ்வாய்க்கிழமைகளில் நான் மரக்கறி வெட்டப் போகிறேன். பந்தியிலும் இருந்தவள், அடுப்படியிலும் நிற்கிறவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் கணவர் புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை வேலை செய்கிறவர். இலங்கையில் டொலர் இல்லாமல் இறக்குமதி படுத்தபோது லொறிகள் குறைந்தன. மூட்டை வராத நாளில் கூலி ஏது? 2022 ஏப்ரலில் 2,675 ரூபாய்க்கு விற்ற 12.5 கிலோ சமையல் எரிவாயு ஒரே இரவில் 4,860 ரூபாயானது. அந்த விலைக்கும் வெற்று சிலிண்டரோடு விடிய விடிய வரிசையில் கிடந்தோம். எரிபொருள் இல்லையென்று பாடசாலைகளையும் மூடியபோது, பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்துவந்த ஒரு வேளைச் சாப்பாடும் போயிற்று.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்தும் சைவக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆனாலும் சாப்பாட்டுக்காகத் தேவாலய வாசலில் நிற்பது வேறு விஷயம். அதற்கு முன் வேறொரு சபையில் உலர் உணவுப் பொதிக்காக இரண்டு மணி நேர ஜெபக் கூட்டத்தில் இருந்துவிட்டு வந்திருந்தேன். பசியோடு என் பிள்ளைகள் அங்கே கைதட்டிக்கொண்டு நின்றது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் இங்கேயும் பயந்துதான் போனேன். கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை எல்லாம் பையில் இருந்தன. வாசலில் நின்ற சிஸ்டர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "எத்தனை பேர் அம்மா?" என்று மட்டும் கேட்டார். மூன்று தட்டுகள் தந்தார். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சின்ன ஜெபம், உடனே பரிமாறத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பத்து மாதத்தில் ஒரு நாளாவது என் பெயரையோ மதத்தையோ யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோறு, பருப்பு, பூசணிக்காய் அல்லது சோயா மீட் கறி, தேங்காய்ப்பால் சொதி. வெள்ளிக்கிழமை பாதி முட்டை. சம்பல் பிள்ளைகளுக்கு உறைப்பு அதிகம். சோறுதான் விசித்திரம்: ஒரு கவளத்திலேயே சில பருக்கை குழைந்திருக்கும், சில பல்லில் கடிபடும். முதல் நாள் அரைகுறையாக இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அது பிடியரிசி. இந்தத் தேவாலயத்தின் பங்கிலுள்ள வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே டின்னில் போட்டுவைத்து, ஞாயிறு பூசையில் பீடத்துக்கு முன்னால் இருக்கும் பீப்பாயில் கொட்டுகிறார்கள். ஒரு வீட்டுச் சம்பா, ஒரு வீட்டு நாட்டரிசி, இன்னொரு வீட்டுச் சிவப்புப் பச்சையரிசி, எல்லாம் ஒரே கிடாரத்தில். எல்லாம் ஒன்றாக எப்படி வேகும்? அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. அந்த மாதமும் பீப்பாய் நிறைந்தது. கொட்டியவர்களில் பலர் எங்கள் தெருவில் எங்களோடு எரிவாயு வரிசையில் நின்றவர்கள். மண்டபத்தின் பின்னால் இறப்பர் விறகு வைத்து எரித்த மூன்று கல் அடுப்பில் அந்தச் சோறு வெந்தது.

இன்னொரு உதவியையும் சொல்லாமல் விட முடியாது. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போன காலத்திலேயே என் மோட்டார் இயந்திரம் தூங்கத் தொடங்கியது. இதைக் கேள்விப்பட்ட அதே சிஸ்டர், மடத்து அறையில் துணி போட்டு மூடியிருந்த, காலால் மிதிக்கும் பழைய சிங்கர் இயந்திரத்தை முச்சக்கர வண்டியில் ஏற்றி அனுப்பினார். தோல் பட்டி அறுந்திருந்தது. சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி முடிச்சுப் போட்டு ஓட்டினேன். முடிச்சு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு தைத்த பள்ளிச் சீருடைகள்தான் எங்கள் இராச் சாப்பாட்டுக்கு வழி செய்தன.

குறை ஒன்று உண்டு. நன்கொடை கொடுத்த நிறுவனம் ஒன்றிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, கையில் பொதியைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பதினொரு வயதான என் மகள் அதற்குப் பிறகு இரண்டு நாள் வர மறுத்தாள், பசியோடு வீட்டிலேயே இருந்தாள். நான் பாதரிடம் போய்க் கோபமாகவே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அடுத்த கிழமையிலிருந்து மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது என்று ஆக்கிவிட்டார். இன்றுவரை அது மாறவில்லை. என்றாலும் அந்த ஒரு நாளை முன்பே தடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது சாப்பாடு செவ்வாயும் வெள்ளியும், பன்னிரண்டு மணிக்கு. முதியவர்கள் கூடுதலாக வருகிறார்கள். தேங்காய் விலை இருநூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து சொதி வெள்ளிக்கிழமை மட்டும்தான். தேங்காய் கொடுக்க நினைப்பவர்கள் பக்கத்து வாசலால் வந்து அடுப்படியில் கொடுங்கள். செவ்வாய் என்றால் காலை ஒன்பது மணிக்கு முன் கொண்டுவாருங்கள், துருவுவதற்கு நான் இருப்பேன்.